மைனஸ் சைபர் வோல்ட்

சி நிரல்மொழிப் பாடத்தில் யூனியன் (ஒரே மெமரி இடத்தைப் பல உறுப்புகள் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு) வரும் இடத்தில் எல்லார் நோட்டிலும் ஒரு வரி இருக்கும்: கடைசியாக எழுதிய உறுப்பின் மதிப்பு மட்டும் சரியாக இருக்கும், மற்ற உறுப்புகளில் குப்பை இருக்கும். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். உறுப்புகளைத் தனித்தனி இடத்தில் வைக்கும் ஸ்ட்ரக்சருக்கும் யூனியனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நாலு வரி, அந்தப் பக்கம் நாலு வரி எழுதிவிட்டு வந்துவிடலாம். எங்களிடம் வேலை பழக வரும் டிப்ளமோ பிள்ளைகளும் பி.இ. பிள்ளைகளும் அப்படித்தான் ஒப்பிக்கிறார்கள்.

முதல் பாதி சரி. பின்பாதியோடுதான் எனக்குச் சண்டை. அங்கே குப்பை எதுவும் இல்லை. நாம் எழுதிய பிட்டுகளே இருக்கின்றன, அவற்றை வேறு வகையாகப் படிக்கிறோம், அவ்வளவுதான்.

சின்னதாக ஒன்று செய்து பாருங்கள். ஒரு யூனியன், உள்ளே ஒரு இன்ட் (லேப்டாப்பில் 4 பைட் முழு எண்), ஒரு கேரக்டர் (1 பைட்). இன்ட்டில் 1025 எழுதுங்கள். அடுத்து கேரக்டரில் 65 போடுங்கள். இப்போது இன்ட்டை அச்சிட்டால் நம் லேப்டாப்பில் 1089 வரும். பரீட்சையில் இதைத்தான் குப்பை என்று எழுதுகிறோம். ஆனால் 1089 என்பது 1024 கூட்டல் 65. இது எப்படித் தற்செயலாக வரும்? 1025ஐ ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) எழுதினால் 0401. நம் லேப்டாப்பில் சிறிய பைட் முன்னால் உட்காரும், ஆகவே மெமரியில் 01, 04, 00, 00. கேரக்டர் முதல் பைட்டை மட்டும் தொட்டது. 65க்கு ஹெக்ஸ் 41, ஆக 01 போய் 41 வந்தது. திரும்பப் படித்தால் 0441, அதுதான் 1089. பெரிய பைட்டை முன்னால் வைக்கும் மெஷினில் இதே நிரல் 1090520065 என்று காட்டும். அதையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் வந்துவிடும். (மீதி மூன்று பைட்டும் பழையபடியே இருக்கும் என்று சி தரநிலை உறுதி தருவதில்லை. நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர்களில், நான் புழங்கியவை அவற்றைத் தொட்டதில்லை.)

யூனியனின் அமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா உறுப்பும் ஒரே முகவரியில் தொடங்கும். ஒவ்வொன்றின் முகவரியையும் அச்சிட்டுப் பார்த்தால் ஒரே எண்தான் வரும். மொத்த அளவு, இருப்பதிலேயே பெரிய உறுப்பின் அளவு. இங்கே ஒரு சின்ன விஷயம் மட்டும் பலருக்குத் தப்பிவிடும். ஒரு இன்ட், ஐந்து கேரக்டர் கொண்ட ஒரு அரே (வரிசை), இரண்டையும் யூனியனில் போட்டு அதன் அளவை சைஸ்ஆஃப் வைத்துக் கேட்டால் லேப்டாப்பில் 5 வராது, 8 வரும். இன்ட் நான்கால் வகுபடும் முகவரியில்தான் உட்கார வேண்டும், யூனியன்களை வரிசையாக அரேயில் அடுக்கினாலும் அது கெடக்கூடாது என்பதால் கம்பைலர் மூன்று பைட்டைச் சும்மா சேர்க்கிறது. அர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சின்ன போர்டில் இருக்கும் 8 பிட் சிப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அங்கே 5தான்.

சரி, வோல்ட் கதைக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரியில் மே மாதம் வந்துவிட்டால் எங்களுக்கு வேலை ஓயாது. பெங்களூரா மாங்காய் லோடு லோடாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும், ஆலைகள் இரவு பகலாக ஓடும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பேனல்களையெல்லாம் அப்போதுதான் திறப்பார்கள். எனக்கு அங்கே வேலை, கரண்ட் மீட்டர், டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போன்றவற்றை ஆர்எஸ்-485 என்ற தகவல் ஒயரில் கோத்து ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரில் லாக் செய்து கொடுப்பது. முதலாளிகளுக்கு ஈ.பி. பில் கவலை. எந்த மோட்டார் எவ்வளவு இழுக்கிறது, பவர் ஃபேக்டர் எங்கே விழுகிறது என்று போனிலேயே பார்க்க வேண்டும்.

காவேரிப்பட்டணம் பக்கத்து ஆலை ஒன்றில் மீட்டரைக் கோத்துவிட்டு எங்கள் பையன் போன் செய்தான்.

"அக்கா, வோல்டேஜ் சைபர் காட்டுது."

"ஒயர் பாத்தியா?"

"ஒயர் சரியா இருக்குக்கா. மீட்டர் மேல 230ன்னு ஓடுது. நம்ம ஸ்கிரீன்ல மட்டும் சைபர்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அக்கா, இப்ப மைனஸ் சைபர் காட்டுது. சைபர்ல மைனஸ் உண்டா?"

பக்கத்தில் ஆலை எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரிப்பது கேட்டது. மைனஸ் சைபர் வோல்ட் வந்தால் ஈ.பி.காரன் நமக்குக் காசு தருவானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஸ்கிரீனில் 271846 என்று ஆரம்பித்து 24 இலக்கத்தில் ஒரு எண் வந்து பெட்டியை விட்டு வெளியே வழிந்தது. அப்புறம் மறுபடி சைபர்.

பையனுக்கு உடனே தோன்றியது மீட்டர் கெட்டுப்போச்சு என்பது. அண்ணனுக்குத் தோன்றியது ஒயரில் நாய்ஸ் என்பது. மாங்கூழ் ஆலையில் பெரிய பெரிய மோட்டார் ஓடுவதால் நாய்ஸ் என்று சொல்லிவிட்டால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் நாய்ஸ் வந்தால் மோட்பஸில் (மீட்டர்கள் அந்த ஒயரில் பேசும் முறை, மதிப்புகளை ரெஜிஸ்டர் என்ற 16 பிட் துண்டுகளாக அனுப்பும்) அது இப்படித் தெரியாது. ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் சரிபார்க்க இரண்டு பைட் சிஆர்சி இருக்கிறது, கெட்டுப்போன செய்தி அதிலேயே நின்றுவிடும். வந்து சேர்ந்தது ஒழுங்கான செய்தி. படித்த விதம்தான் சரியில்லை.

"தம்பி, ஃப்ளோட்டா மாத்தாம, வந்த ரெண்டு ரெஜிஸ்டரையும் ஹெக்ஸில் அச்சிட்டு எனக்கு அனுப்பு. பக்கத்திலேயே மீட்டர் என்ன காட்டுதுன்னும் எழுது" என்றேன். வாட்ஸ்அப்பில் மூன்று வரி வந்தது. மீட்டரில் 230.0 இருந்தபோது 4366, 0000. மீட்டரில் 230.5 இருந்தபோது 4366, 8000. மீட்டரில் 231.4 இருந்தபோது 4367, 6666.

மூன்றையும் பார்த்ததும் எனக்கு நிம்மதி. தசம எண்ணை வைக்கும் ஃப்ளோட் என்பது 32 பிட்: முதல் பிட் குறி (பிளஸா மைனஸா), அடுத்த எட்டு பிட் அடுக்கு, மீதி 23 பிட் எண்ணின் உடம்பு. 230 என்பது 128 பெருக்கல் 1.796875. அடுக்கு 7, அதோடு 127 கூட்டினால் 134. இதையெல்லாம் பிட்டாக அடுக்கினால் 43660000 என்று வரும். மீட்டர் அனுப்பியதும் அதேதான், பெரிய பாதி முதலில், சின்ன பாதி அடுத்து.

நிரலில் ஒரு யூனியன் இருந்தது. உள்ளே 16 பிட் எண்கள் இரண்டு கொண்ட அரே, கூடவே ஒரு ஃப்ளோட். முதலில் வரும் ரெஜிஸ்டரை அரேயின் பூஜ்யமாம் இடத்திலும் அடுத்ததை ஒன்றாம் இடத்திலும் போட்டுவிட்டு ஃப்ளோட்டைப் படிக்கிறது. ராஸ்பெர்ரி பையும் சின்ன பைட்டை முன்னால் வைக்கிற மெஷின், ஆகவே பூஜ்யமாம் இடம் ஃப்ளோட்டின் கீழ்ப்பாதி. பெரிய பாதியான 4366 கீழே போய், 0000 மேலே ஏறி, 00004366 ஆகிவிட்டது. அடுக்கு பிட்டுகள் எட்டும் சைபர். இப்படி அடுக்கு சைபரான எண்கள் மிகமிகச் சின்னவை. இது புள்ளிக்குப் பிறகு நாற்பது சைபர் போட்டு அப்புறம் 24 என்று தொடங்கும். இரண்டு தசம இடத்தில் அச்சிட்டால் 0.00 தவிர வேறென்ன வரும்?

மைனஸ் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம். 230.5க்கு 43668000. 230க்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட், கீழ்ப்பாதியின் உச்சியில் இருக்கிற பிட். அந்த அரை வோல்ட்டுக்கான பிட் அதுதான். பாதிகள் இடம் மாறியபோது 80004366 ஆனது. கீழ்ப்பாதியின் உச்சி இப்போது மொத்த எண்ணின் உச்சி, அங்கே உட்காருகிற பிட்தான் குறி. ஆக, அரை வோல்ட் போய் மைனஸாக உட்கார்ந்துவிட்டது. சி மொழியின் பிரின்ட்எஃப் அதை ஒளிக்காமல் -0.00 என்று அச்சிடும். சைபருக்கு மைனஸ் உண்டா என்று பையன் கேட்டதற்குப் பதில், ஃப்ளோட்டில் உண்டு. ஆனால் இது அந்த மைனஸ் சைபர் கூட இல்லை, சைபருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற ஒரு மைனஸ் எண்.

231.4க்கு 43676666. திருப்பினால் 66664367. அடுக்கு 204, அதில் 127 போனால் 77. இரண்டின் 77ஆம் அடுக்கோடு கிட்டத்தட்ட 1.8ஐப் பெருக்கினால் 24 இலக்கம் வந்துதானே ஆக வேண்டும்.

இதையெல்லாம் போனிலேயே பையனுக்குச் சொன்னேன். அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "அக்கா, இதே கோட் போன சீசன்ல வேற ஆலைல சரியாதான ஓடுச்சு?" ஓடியது. அந்த மீட்டர் சின்ன பாதியை முதலில் அனுப்புகிற ரகம். மோட்பஸை 1979ல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தபோது 16 பிட் ரெஜிஸ்டர் மட்டும்தான் பேச்சு. ஒரு ரெஜிஸ்டருக்குள் பெரிய பைட் முதலில் என்று அது விதி வைத்தது. ஃப்ளோட்டை இரண்டு ரெஜிஸ்டரில் பிரித்தால் எந்தப் பாதி முதலில் என்று அது சொல்லவில்லை. மீட்டர் செய்கிறவர்கள் ஆளுக்கொரு வழி வைத்துக்கொண்டார்கள். மேனுவலில் ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள், சில மேனுவலில் அதுவும் இருக்காது. 230 வோல்ட் வரும் என்று நமக்குத் தெரிந்த ஒரு ரெஜிஸ்டரைப் படித்து ஹெக்ஸில் பார்த்துவிடுவதுதான் மேனுவலைத் தேடுவதை விட வேகம். 43ல் தொடங்குகிற பாதி எதுவோ அது மேல்பாதி.

இப்படி ஒரு உறுப்பில் எழுதி இன்னொரு உறுப்பில் படிப்பது சட்டப்படி சரியா என்று இணையத்தில் சண்டை ஓயாது. சி மொழியில் சரி. 1989ல் வந்த முதல் தரநிலை, என்ன வரும் என்பதை அந்தந்தக் கம்பைலர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. 1999 தரநிலைக்கு 2007ல் வந்த மூன்றாவது திருத்தத்தில் ஒரு அடிக்குறிப்பு சேர்த்தார்கள்: அதே பைட்டுகள் புதிய வகையாகப் பொருள் கொள்ளப்படும் என்று. 2011 தரநிலையிலும் அது தொடர்கிறது. சில வகைகளில் சில பிட் அமைப்புகள் செல்லாதவையாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே உண்டு. நாம் புழங்குகிற 32 பிட் எண்ணுக்கும் ஃப்ளோட்டுக்கும் அந்தப் பயம் வேண்டாம்.

சி++ வேறு கதை. அங்கே கடைசியாக எழுதாத உறுப்பைப் படித்தால் விளைவுக்கு உத்தரவாதம் இல்லை. ஜிசிசி என்ற கம்பைலர் பொறுத்துக்கொள்ளும், அதை நம்பி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இருந்தாலும் சி கோடை அப்படியே சி++ ஃபைலில் ஒட்டுகிறவர்கள் மெம்காப்பி போட்டு நாலு பைட்டை நகலெடுத்துவிடுவது நல்லது. கம்பைலர் அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும், வேகம் குறையாது.

இரண்டு மொழியிலும் செய்யக்கூடாத ஒன்று, எல்லாரும் குறுக்குவழியாகச் செய்வது: ஃப்ளோட்டின் முகவரியை எடுத்து, இன்ட் பாய்ன்டராக (ஒரு இன்ட்டின் முகவரியாக) மாற்றி, அதன் வழியே படிப்பது. பார்க்க யூனியன் மாதிரியே இருக்கும். ஆனால் வேறுவேறு வகைப் பாய்ன்டர்கள் ஒரே இடத்தைச் சுட்டாது என்று கம்பைலர் நம்பிக்கொள்ள அனுமதி இருக்கிறது, ஜிசிசி ஓ2 ஆப்டிமைசேஷனில் அந்த நம்பிக்கையோடுதான் வேலை செய்யும். டீபக் செய்யும்போது சரியாக ஓடி, ஆலையில் போட்டதும் பழைய மதிப்பைக் காட்டும் கோடுகள் இதிலிருந்து பிறக்கின்றன. யூனியன் வழியாகப் படித்தால், இந்த உறுப்புகள் எல்லாம் ஒரே இடம் என்று கம்பைலருக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

ஆலைக் கோடை எப்படித் திருத்தினோம் என்றால், அரேயின் இரண்டு இடத்தையும் மாற்றிப் போட்டு முடித்துவிடவில்லை. அப்படிச் செய்தால் அடுத்த மீட்டரில் மறுபடி போன் வரும். மேல்பாதியை ஷிஃப்ட் செய்து, அதாவது 16 பிட் இடம் மேலே நகர்த்தி, கீழ்ப்பாதியோடு ஒரு 32 பிட் எண்ணாகச் சேர்க்கிறோம், மேல்பாதி எது என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும் ஒரு செட்டிங். ஷிஃப்ட் மதிப்பின் மேல் நடக்கும் கணக்கு, மெமரியில் பைட் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்கு வேண்டாம். அந்த 32 பிட் எண்ணை யூனியனில் போட்டு ஃப்ளோட்டாகப் படிப்பது மட்டும் யூனியனின் வேலை. ஒயரில் வருவதை நேராக யூனியனில் கொட்டுவது எனக்குப் பிடிக்காது.

பாடப்புத்தகம் சொல்லும் இன்னொரு காரணம் மெமரி மிச்சம். அது உண்மைதான், ஆனால் எங்கே என்று பார்க்க வேண்டும். அந்த ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் ராம் மொத்தமே 2048 பைட். பழக் குடோனில் வைத்த ஒரு பெட்டியில், நடந்ததையெல்லாம் வரிசையாகப் பிடித்துவைக்க ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிவிலும் நேரம் 4 பைட், என்ன வகைப் பதிவு என்பதற்கு 1 பைட். அப்புறம் டெம்பரேச்சராக இருந்தால் 4 பைட், லாட் எண்ணும் பிரிக்ஸும் (பழச்சாற்றின் இனிப்பு அளவு) என்றால் 4 பைட், அலாரம் வாசகம் என்றால் 12 பைட். ஸ்ட்ரக்சரில் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்தால் பதிவுக்கு 25 பைட், நாற்பது பதிவுக்கு 1000. பின்னால் வரும் மூன்றையும் யூனியனில் போட்டால் பதிவுக்கு 17, நாற்பதுக்கு 680. இரண்டாயிரத்து சொச்சத்தில் 320 பைட் பெரிய காசு. இதையே ராஸ்பெர்ரி பையில் செய்கிறேன் என்று யாராவது வந்தால், வேண்டாம் தம்பி, போய் டீ குடி என்பேன்.

இந்த ஒரு பைட் வகைக் குறிதான் முக்கியம். எந்த உறுப்பில் எழுதினோம் என்பதை சி நினைவில் வைத்துக்கொள்ளாது. ஆல்கால் 68 மொழியின் யூனியன், தன்னிடம் இப்போது எந்த வகை இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தது. பாஸ்கலில் வேரியன்ட் ரெக்கார்டு, அதில் வகையைச் சொல்ல ஒரு இடம். கோபாலில் ரீடிஃபைன்ஸ், ஃபோர்ட்ரானில் ஈக்விவலன்ஸ். இவை இரண்டும் சி மாதிரியே, இடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கும் வரலாற்றுப்படி 1973க்கும் 1980க்கும் இடையில் சிக்கு அன்சைன்ட், லாங், யூனியன், ஈனம் (enum, பெயர் வைத்த மதிப்புகளின் பட்டியல்) எல்லாம் வந்து சேர்ந்தன. யூனியனில் ஆல்கால் 68இன் தாக்கம் உண்டு என்று அவர் சொல்கிறார், ஆனால் வகையைக் கவனிக்கும் காவல்காரனைக் கூட்டிவரவில்லை.

லினக்ஸில் ஈபோல் (பல இணைப்புகளை ஒரே இடத்தில் கவனிக்கும் வசதி) பயன்படுத்தினவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒவ்வொரு இணைப்போடும் நம் தகவல் ஒன்றை ஒட்டிவைக்க அங்கே ஒரு யூனியன் கொடுத்திருக்கிறார்கள். பாய்ன்டர் வைக்கலாம், ஃபைல் எண் வைக்கலாம், 32 பிட், 64 பிட் எண் வைக்கலாம். வைத்ததை லினக்ஸின் மையமான கெர்னல் அப்படியே திருப்பித் தரும். பாய்ன்டரை வைத்துவிட்டு ஃபைல் எண்ணாகப் படித்தால், பாய்ன்டரின் பாதி ஒரு எண்ணாக வரும், அதை மூடச் சொன்னால், அந்த எண்ணில் ஏதாவது ஃபைல் திறந்திருந்தால் அது மூடப்படும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். யூனியனைத் தனியாக விடுவதில்லை, எப்போதும் வகைக் குறியோடு ஒரு ஸ்ட்ரக்சருக்குள் வைக்கிறோம், எழுதுவதற்கு வகைக்கு ஒரு ஃபங்ஷன். குறியையும் மதிப்பையும் அந்த ஃபங்ஷன் மட்டும்தான் தொடும். படிக்கிற இடத்தில் ஸ்விட்ச் போட்டு, வகைகளை ஈனமாக எழுதி, டீஃபால்ட் (மற்றதெல்லாம் போகும் கிளை) வைக்காமல் விடுகிறோம். புது வகை ஒன்றைச் சேர்த்துவிட்டு ஸ்விட்ச்சில் சேர்க்க மறந்தால் ஜிசிசி அதன் -Wall எச்சரிக்கையில் திட்டும். டீஃபால்ட் இருந்தால் பேசாமல் போய்விடும்.

கடைசியாக ஒன்று. அந்த 17 பைட் பதிவை ஊனோ எஸ்டி கார்டில் அப்படியே எழுதும். கார்டை லேப்டாப்பில் போட்டு அதே ஸ்ட்ரக்சரை வைத்துப் படிக்கப் போனால் அங்கே ஒரு பதிவு 20 பைட், நான் மேலே சொன்ன அந்தச் சும்மா பைட்டுகள் உள்ளே வந்துவிடும். முதல் பதிவிலேயே டெம்பரேச்சர் மூன்று பைட் தள்ளிப் படிக்கப்படும், இரண்டாவதிலிருந்து நேரமே தப்பு. அதனால் கார்டில் எழுதும்போது ஸ்ட்ரக்சரை மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொரு உறுப்பாக எழுதச் சொல்லியிருக்கிறேன். வகைக் குறி முதலில்.